முழுதாகவா, ஒவ்வொன்றாகவா?

‘கல்லாவி’ என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? எங்கள் ஊரில் முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விரலை மடக்கி நான்கு என்று சொல்லிவிடும்: க, ல், லா, வி. அதே சொல்லை பைத்தான் நிரல்மொழியின் ‘லென்’ கட்டளையிடம் கொடுத்தால் ஏழு என்று பதில் வருகிறது. அதுவும் தப்பில்லை. ஒருங்குறியில் ‘ல்’ என்பது லகரமும் புள்ளியுமாக இரண்டு குறி. ‘லா’ என்பது லகரமும் துணைக்காலும். ‘வி’ என்பது வகரமும் மேல்விலங்கும். ககரம் மட்டும் தனிக்குறி. ஆக மொத்தம் ஏழு. பைத்தான் எண்ணுவது குறிகளை, நாம் எண்ணுவது எழுத்துகளை.

தமிழில் கணினி வேலை செய்கிற யாரும் முதல் வாரத்திலேயே இந்தச் சிக்கலில் வந்து முட்டிக்கொள்வார்கள். தீர்வும் கையருகே இருக்கிறது. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கி 2009-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்ட முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் ‘ஓபன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகத்தைக் கட்டற்ற மென்பொருளாகத் தந்திருக்கிறார்கள். குறிகளைச் சேர்த்து எழுத்துகளாக்கும் ஃபங்ஷன் அதில் உண்டு. பெயர் ‘கெட் லெட்டர்ஸ்’. அந்த நிரல்கோப்பைத் திறந்து படித்தால் பக்கத்திலேயே இன்னொன்று கண்ணில் படும்: ‘கெட் லெட்டர்ஸ் இட்டரபிள்’. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். முதலாவது எல்லா எழுத்தையும் ஒரு பட்டியலில் சேர்த்து ‘ரிட்டர்ன்’ செய்கிறது. இரண்டாவது ஒவ்வோர் எழுத்தாக ‘யீல்ட்’ செய்கிறது.

ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு? புதிதாகப் பைத்தான் கற்பவர்கள் கேட்கும் கேள்வி இது. ‘யீல்ட் போட்டால் மெமரி மிச்சம்’ என்ற பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதை மட்டும் நம்பி எழுதுகிறவர்கள் யீல்டைத் தேவையில்லாத இடத்தில் போட்டுவிட்டு, தேவையான இடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் யீல்ட் என்ன செய்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஓபன்-தமிழ் இடத்தை எண்ணிக் குறிகளைப் படிக்கிறது. நான் இங்கே சொல்வது அதைவிட எளிதாக்கிய வடிவம். ஃபங்ஷனுக்குள் ‘கை’ என்று ஒரு மாறி, தொடக்கத்தில் காலி. குறிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. வருவது உயிரோ அகரமேறிய மெய்யோ என்றால், கையில் ஏற்கெனவே இருப்பதை வெளியே கொடுத்துவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வருவது புள்ளி, கால், கொம்பு, விலங்கு என ஏதாவது ஒட்டுக்குறி என்றால் கையில் இருப்பதோடு ஒட்ட வேண்டும்.

கல்லாவியை இதற்குள் விடுவோம். முதல் குறி க. அதை உடனே வெளியே கொடுத்துவிட முடியாது. அடுத்து மேல்விலங்கு வந்தால் அது ‘கி’ ஆகிவிடுமே. எனவே பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் குறி ல. ஒட்டுக்குறி இல்லை, ஆகவே ‘க’ முடிந்துவிட்டது. யீல்ட். இந்த இடத்தில் ஃபங்ஷன் அப்படியே உறைந்து நிற்கிறது. கேட்டவர் கையில் ‘க’ போய்ச் சேர்ந்தது. மீதி ஐந்து குறிகளை இன்னும் யாரும் தொடவே இல்லை. ‘அடுத்தது’ என்று கேட்கும்போதுதான் உறைந்த இடத்திலிருந்து எழுந்து ல-வைப் பிடிக்கிறது. மூன்றாவதாகப் புள்ளி வருகிறது, ஒட்டி ‘ல்’ ஆகிறது. நான்காவதாக மறுபடி ல. அப்போது ‘ல்’ வெளியே போகிறது. கால் ஒட்டி ‘லா’ ஆகி, ஆறாவதான வ வந்ததும் அது வெளியே. ஏழாவது மேல்விலங்கு ஒட்டி ‘வி’ ஆகிறது. குறிகள் தீர்ந்தன.

‘வி’ இன்னும் கையிலேயே இருக்கிறது. அதை வெளியே தள்ள அடுத்த குறி எதுவும் வரப்போவதில்லை. சுழற்சி முடிந்தபின், கையில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதையும் யீல்ட் செய் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கல்லாவி ‘கல்லா’ ஆகிவிடும். ஊரைக் கொடுத்தால் கடைக்காரரின் பணப்பெட்டி திரும்பி வரும். பட்டியல் சேர்த்து ரிட்டர்ன் செய்யும் வடிவத்திலும் இந்தப் பிழை வரலாம், யீல்டுக்கென்று தனியாக வருவதில்லை.

சாதாரண ஃபங்ஷனை அழைத்தால் பைத்தான் அதற்கென்று ஒரு சட்டகத்தை ஒதுக்குகிறது. உள்ளே இருக்கும் மாறிகளின் மதிப்பும், எந்த வரியில் நிற்கிறோம் என்ற குறிப்பும் அதில்தான் இருக்கும். ரிட்டர்ன் நடந்ததும் சட்டகம் கலைந்துவிடும். மறுபடி அழைத்தால் புதிதாக ஒன்று, முதலிலிருந்து தொடக்கம். யீல்ட் உள்ள ஃபங்ஷனில் சட்டகம் கலைவதில்லை. ஜெனரேட்டர் என்ற பொருளுக்குள் பத்திரமாக இருக்கிறது. ‘கை’ மாறியில் ‘ல’ இருந்தால் அடுத்த முறை எழும்போதும் ‘ல’ அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் ஊத்தங்கரைச் சாலையோரம் நுங்கு வெட்டுகிறவரைப் பாருங்கள். நாலு கேட்டால் நாலு வெட்டித் தருவார். எந்தக் குலையில் எந்தக் காயில் நிறுத்தினோம் என்பது அவருக்குத் தெரியும். இன்னும் ரெண்டு என்றால் அங்கிருந்தே தொடர்வார். வாங்க ஆள் இல்லாத நுங்கை அவர் முன்கூட்டியே வெட்டி வைப்பதில்லை.

இந்த யோசனை பைத்தானில் பிறந்ததில்லை. 1970-களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய சிஎல்யூ மொழியிலேயே யீல்ட் இருந்தது. அரிசோனாவில் ரால்ஃப் கிரிஸ்வோல்ட் உருவாக்கிய ஐகான் மொழியும் இதே வழியில் போனது. பைத்தானுக்கு இதைக் கொண்டுவரும் முன்மொழிவை, பெப் 255 என்ற எண்ணில், 2001 மே மாதம் நீல் ஷெமெனாவர், டிம் பீட்டர்ஸ், மேக்னஸ் லீ ஹெட்லாண்ட் மூவரும் எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில் இதை விரும்பிக் கேட்டு இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ‘யீல்ட்’ என்று தங்கள் மாறிக்குப் பெயர் வைத்திருந்தவர்களின் பழைய நிரல்கள் திடீரென்று உடைந்துவிடக் கூடாதே. 2003-இல் வந்த 2.3-இல்தான் அது முழு உரிமையுள்ள சொல்லானது.

அப்போது ஒரு வாதம் நடந்தது. சாதாரண ஃபங்ஷனுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே ‘டெஃப்’ போதுமா, ஜெனரேட்டருக்குத் தனிச்சொல் வேண்டாமா? மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸம் ‘டெஃப்’ போதும் என்று முடிவெடுத்தார். எனக்கு அதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. ஒரு ஃபங்ஷனின் முதல் வரியைப் பார்த்தால் அது எந்த வகை என்று தெரியாது. அறுபது வரி கீழே எங்கோ ஒரு யீல்ட் ஒளிந்திருந்தால் மொத்த ஃபங்ஷனின் குணமும் மாறிவிடும். 2015-இல் 3.5 பதிப்பில் ஒத்திசையா ஃபங்ஷன்கள் வந்தபோது அவற்றுக்கு முன்னால் ‘அசிங்க்’ என்று ஓர் அடையாளம் வைத்தார்கள். யீல்டுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

இந்த ஒளிவு எங்கே கடிக்கும்? இப்படி எழுதுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்: உரை சிறியதாக இருந்தால் பட்டியலை ரிட்டர்ன் செய், பெரியதாக இருந்தால் எழுத்து எழுத்தாக யீல்ட் செய். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டினால் சிறிய உரைக்கு எதுவுமே கிடைக்காது. யீல்ட் ஓரிடத்தில் இருந்தாலே முழு ஃபங்ஷனும் ஜெனரேட்டர்தான். அதற்குள் வரும் ரிட்டர்னுக்கு ‘இத்தோடு முடிந்தது’ என்பது மட்டுமே பொருள். கூடவே கொடுத்த பட்டியல், முடிவை அறிவிக்கும் ‘ஸ்டாப் இட்டரேஷன்’ என்ற சமிக்ஞையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். ஃபார் சுழற்சி அதைப் பார்க்காமலே தள்ளிவிடும். 3.3 பதிப்புக்கு முன்னால் இப்படி எழுதினாலே பைத்தான் தொடரியல் பிழை என்று நிறுத்திவிடும். ‘யீல்ட் ஃப்ரம்’ வந்த 2012-இல் இது சட்டப்படி சரியானது, பிழையும் மௌனமானது.

இன்னொரு கடி: ஜெனரேட்டர் ஃபங்ஷனை அழைத்தால் உள்ளே ஒரு வரியும் ஓடாது. ‘அடுத்தது’ என்று முதன்முறை கேட்கும்வரை அது தூக்கத்தில்தான் இருக்கிறது. இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்து அழைத்தாலும் ஒன்றும் நடக்காது. நூறு வரி தள்ளி, வேறொருவர் எழுதிய பகுதியில், சுழற்சி தொடங்கும்போது ‘கோப்பு இல்லை’ என்று வெடிக்கும். பிழை விதைத்த இடம் ஒன்று, முளைக்கும் இடம் ஒன்று. இதைத் தவிர்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. வெளியே ஒரு சாதாரண ஃபங்ஷன் வைத்து, கொடுத்த தகவலெல்லாம் சரியா என்று அங்கேயே சோதித்துவிட்டு, உள்ளே இருக்கும் ஜெனரேட்டரை எடுத்து ரிட்டர்ன் செய்வது. இரண்டு சொல்லும் வேண்டும், ஆனால் ஒரே ஃபங்ஷனுக்குள் இல்லை.

மெமரி கதைக்கு வருவோம். தமிழில் இது ஆங்கிலத்தைவிட முக்கியம் என்பதால் கொஞ்சம் கணக்குப் போடலாம். கோப்பில் ‘லா’ என்ற எழுத்து எடுத்துக்கொள்வது 6 பைட், குறிக்கு 3 வீதம். அதே ‘லா’ பைத்தான் பட்டியலுக்குள் தனி எழுத்தாக உட்காரும்போது அது ஒரு தனிச் சரம். பதிப்பைப் பொறுத்து 60 முதல் 80 பைட் வரை அதற்கே போய்விடும். அதைச் சுட்டிக்காட்டப் பட்டியலில் 8 பைட். ஆக 6 பைட் சரக்கைச் சுமக்க எழுபது எண்பது பைட் வண்டி. ஆங்கில எழுத்துகளுக்கு இந்தச் செலவு இல்லை. அவற்றை பைத்தான் ஒருமுறை செய்துவைத்து, எல்லா இடத்துக்கும் அதையே சுட்டுகிறது. சேர்த்து ஒட்டிய தமிழ் எழுத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது. ஒரு கோடி எழுத்துள்ள உரை என்றால், கோப்பில் சில பத்து மெகாபைட்டில் அடங்கியது பட்டியலில் 700, 800 மெகாபைட்டைத் தொடும். தமிழ் விக்கிப்பீடியாவின் முழு உரையைத் தரவிறக்கி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று மடிக்கணினியில் எண்ணப்போகிறவருக்கு ‘கெட் லெட்டர்ஸ்’ உதவாது, ‘இட்டரபிள்’ உதவும். எண்ணிக்கைப் பெட்டியில் இருக்கப்போவது சில நூறு எழுத்துதான். உரை எவ்வளவு நீண்டாலும் ஒரு நேரத்தில் கையில் இருப்பது ஓர் எழுத்து.

ஊர்ப்பெயர் ஒன்றை எழுத்தாகப் பிரிக்க இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நாலு எழுத்துக்கு மெமரியைப் பார்ப்பவர் வீண்வேலை பார்க்கிறார். அங்கே கேட்க வேண்டியது வேறு: வாங்குகிறவர் இதை வைத்து என்ன செய்யப்போகிறார்?

கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்ப்பெயர்களை முதலெழுத்து வாரியாகப் பிரிக்க வேண்டும் என்றால் அவருக்கு வேண்டியது ஒவ்வொரு பெயரிலும் ஒரே ஓர் எழுத்து. யீல்ட் வடிவத்திடம் ஒருமுறை ‘அடுத்தது’ கேட்டால் போதும். ஏழு குறியில் இரண்டைப் பார்த்ததோடு வேலை முடிந்தது. ஒரு பெரிய கோப்பில் ‘கல்லாவி’ முதலில் எங்கே வருகிறது என்று தேடினாலும் அப்படித்தான். பத்தாவது வரியில் கிடைத்துவிட்டால் மீதிப் பத்து லட்சம் வரியைப் படிக்க வேண்டியதில்லை. எப்போது நிறுத்துவது என்ற முடிவு வாங்குகிறவர் கைக்குப் போய்விடுகிறது. மெமரியைவிட இதுதான் யீல்டின் பெரிய கொடை என்பது என் கணிப்பு.

விகடகவிக்கு இது பொருந்தாது. திருப்பிப் படித்தாலும் அதே சொல்தானா என்று சோதிக்க, கடைசி எழுத்து முதலிலேயே வேண்டும். குறிகளைத் திருப்பினால் மேல்விலங்கு முன்னால் வந்து அசிங்கமாக நிற்கும், எழுத்துகளைத்தான் திருப்ப வேண்டும். எனவே எல்லாவற்றையும் பிரித்துப் பட்டியலில் வைத்தாக வேண்டும். யீல்ட் செய்தாலும் வாங்கியவர் அதை உடனே பட்டியலாக்கத்தான் போகிறார். அகரவரிசைப்படுத்தலும் இப்படித்தான். கடைசியாக வரும் சொல் ‘அகத்தி’யாக இருக்கலாம், அது வந்து சேரும் வரை முதல் சொல் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்துப்பிழை திருத்திக்கான சொற்களஞ்சியமும் இந்த வகைதான். ஆயிரம் முறை ‘இந்தச் சொல் இருக்கிறதா’ என்று கேட்கப்போகிறோம், கணம் என்ற செட்டாக மெமரியில் நிரந்தரமாக இருப்பதே நல்லது.

ஒரே தரவை இரண்டு முறை சுற்றிவர வேண்டிய இடத்தில் யீல்ட் ஆபத்தானதும்கூட. ஜெனரேட்டர் ஒருமுறைதான் ஓடும். ஒரு கட்டுரையின் எழுத்துகளில் மெய் எத்தனை என்று முதலில் எண்ணிவிட்டு, அதே ஜெனரேட்டரைக் கொடுத்து உயிர்மெய் எத்தனை என்று கேட்டால் பதில் பூஜ்யம். பிழைச்செய்தி எதுவும் வராது. ‘லென்’ போட்டுப் பார்த்தாலாவது ‘இதற்கு நீளம் கிடையாது’ என்று பைத்தான் கத்தும். இரண்டாம் சுற்றில் கத்தக்கூட மாட்டேன் என்கிறது. அறிக்கையில் பூஜ்யம் அச்சாகி, அதைப் பார்த்து யாராவது புருவம் தூக்கினால்தான் உண்டு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வேலை ஓசூரிலோ போச்சம்பள்ளி சிப்காட்டிலோ. அங்கே எந்திரங்களிலிருந்து வரும் அளவுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு யீல்ட் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும். ஒரு சிஎன்சி எந்திரம் வினாடிக்கு ஒருமுறை தன் வெப்பநிலையை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 86,400 அளவுகள். ஒரு நாள் கோப்பை மொத்தமாகப் படித்துப் பட்டியலாக ரிட்டர்ன் செய்தால் இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படிப்பது வேறு கதை. அளவுகளுக்கு முடிவு என்பதே இல்லை. எல்லாம் வந்தபின் ரிட்டர்ன் செய்கிறேன் என்று எழுதிய ஃபங்ஷன் திரும்பி வரவே வராது. சூடு எல்லை மீறினால் அந்த வினாடியே மணி அடிக்க வேண்டும். இங்கே யீல்டும் அதன் உறவுமுறைகளும்தான் வழி.

யீல்ட், ரிட்டர்ன் இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று கேட்டால், நூலகம் எழுதுகிறவருக்கு நான் யீல்டைச் சொல்வேன். ஜெனரேட்டர் கையில் இருந்தால் ‘லிஸ்ட்’ என்ற ஒரே சொல்லால் அதைப் பட்டியலாக்கிவிடலாம். பட்டியலாகக் கட்டி முடித்ததை ஜெனரேட்டராக்கினால் செலவான மெமரியும் நேரமும் திரும்பாது. உள்ளே யீல்ட், அதைச் சுற்றி ஒரு வரியில் பட்டியலாக்கி ரிட்டர்ன் செய்யும் இன்னொரு ஃபங்ஷன் என்று வைத்தால் இரண்டு கூட்டத்துக்கும் பந்தி ஆயிற்று. தன் வேலைக்கு ஒரு சின்ன நிரல் எழுதுகிறவருக்கு மாறாகச் சொல்வேன். ரிட்டர்ன் செய்யுங்கள். அச்சிட்டுப் பார்த்தால் உள்ளடக்கம் தெரியும், எண்ணலாம், மூன்றாவதை மட்டும் எடுக்கலாம், மறுபடி சுற்றலாம். வேகமும் சின்னத் தரவில் பட்டியலுக்கே சற்றுச் சாதகம்.

பைத்தானே இந்த விஷயத்தில் மனம் மாறிய மொழி. இரண்டாம் தலைமுறையில் ‘ரேஞ்ச்’, ‘மேப்’, ‘ஜிப்’ எல்லாம் பட்டியல் கட்டிக் கொடுத்தன. 2008 டிசம்பரில் வந்த 3.0-இல் அவை கேட்கும்போது கொடுக்கும் வகையாக மாறின. அதிலும் ஒரு வித்தியாசம். மேப், ஜிப் இரண்டும் ஜெனரேட்டர் போலவே ஒருமுறை ஓடித் தீர்பவை. ரேஞ்ச் அப்படித் தீராது. நீளம் சொல்லும், ஐநூறாவதைக் கேட்டால் நேரே தரும், எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம், ஆனால் எண்களைச் சேமித்து வைப்பதில்லை. தொடக்கமும் முடிவும் இடைவெளியும் தெரிந்தால் எந்த எண்ணையும் அப்போதே கணக்கிட்டுவிடலாம் அல்லவா? நம் உரையில் அடுத்த எழுத்தை அப்படிக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

எந்திரத்துக்கே திரும்பினால், கடைசி ஒரு மணி நேரச் சராசரி வெப்பநிலை வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். முழு நாளையும் பிடித்து வைக்க வேண்டாம், ஒரே ஓர் அளவும் போதாது. பைத்தானில் ‘டெக்’ என்ற பெட்டி இருக்கிறது. 3,600 இடம் என்று சொல்லிவைத்தால், நிரம்பியபின் புதிதாக ஒன்று நுழையும்போது பழையது மறுமுனையில் தானாக விழுந்துவிடும். ஜெனரேட்டர் தரும் அளவுகளை ஒவ்வொன்றாக இதற்குள் விட வேண்டும். நேற்றைய கோப்பு என்றால் தரவு தீர்ந்ததும் பெட்டியில் இருப்பதன் சராசரியை ரிட்டர்ன் செய்தால் முடிந்தது, ஒரே எண். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் என்றால் அந்தச் சராசரியையே வினாடிக்கு ஒருமுறை யீல்ட் செய்ய வேண்டும். நிரலில் மாறுவது கடைசி வரியும், அது சுழற்சிக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்பதும் மட்டுமே.